கல்யாண வண்டிக்கு ஒரு போட்டி

என் தங்கை இல்ஹாமுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றைக்கே எங்கள் வீட்டில் சண்டையும் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை தௌரீக் மேல் யாருக்கும் குறை இல்லை. பெண்ணை யாருடைய காரில் மண்டபத்துக்கு அழைத்துப் போவது என்பதுதான் விவகாரம்.

ஒரு பக்கம் என் கணவர் யஸீத். எங்கள் பகுதியான ஆத்லோனில் மீன் வறுத்து விற்கிற கடை வைத்திருக்கிறார். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போது சாதுவான மனிதர்தான். ஆனால் அவரிடம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பழைய மஸ்டாங் கார் ஒன்று உண்டு. கருநீலம். அதன் மூக்கு மட்டுமே எங்கள் சமையலறை நீளம் இருக்கும். காலையில் அதைக் கிளப்பினால் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மறுபக்கம் என் தம்பி ஷஹீம். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவனிடம் இருப்பது வெள்ளை கோல்ஃப் ஜி.டி.ஐ. கார். நிற்கும்போது பார்த்தால் யாரோ டீச்சரம்மா காய்கறி வாங்க எடுத்துவந்த வண்டி என்று தோன்றும். மிதித்துவிட்டால் பிறகு பின்விளக்குதான் தெரியும். எங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் அந்த வண்டியைக் கனவில் ஓட்டுகிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது யஸீத்தான் ஷஹீமிடம் ஆரம்பித்தார்.

"மாப்ளே, கல்யாணப் பொண்ண ஏத்திட்டுப் போறதுன்னா ஒரு கம்பீரம் வேணும்டா. உன் வண்டியில ஏத்துனா, என்னமோ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்."

"உங்க வண்டியில ஏத்துனா மச்சான், ஊர்வலம் பெட்ரோல் பங்க்கோட முடிஞ்சிரும். மாப்பிள்ளைய அங்கேயே வரச் சொல்லிரலாம்."

"எட்டு சிலிண்டர்டா அது! உன்னோடது தையல் மிஷின்."

"தையல் மிஷினாவே இருக்கட்டும். உங்க மஸ்டாங் கிழவி முட்டியப் பிடிச்சிக்கிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள நான் பார்ல் ஊருக்கே போய்ச் சேர்ந்துருவேன்."

யஸீத் கையிலிருந்த எலும்பைத் தட்டில் போட்டார். "யாரக் கிழவிங்கிற?"

இல்ஹாம் குறுக்கே வந்தாள். "எனக்கு எந்த வண்டி வேணும்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"நீ சும்மா இரு!" என்றார்கள் இருவரும். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

சாப்பாடு முடிவதற்குள் பேச்சு பந்தயத்தில் போய் நின்றது. மாம்ஸ்பரி பக்கம் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் சனிக்கிழமைகளில் முறைப்படி கார்ப் பந்தயம் நடத்துவார்கள். கால் மைல், நேர்க்கோடு, இரண்டிரண்டு கார்களாக. மூன்று ஓட்டத்தில் இரண்டை ஜெயிக்கிறவருடைய காரே கல்யாண வண்டி.

மஸ்டாங்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்கு ஸ்டீயரிங் இடது பக்கம். எங்கள் நாட்டில் மற்ற எல்லா வண்டிகளுக்கும் வலது பக்கம். முன்னால் ஒரு லாரி போனால் யஸீதுக்கு லாரியின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. வலது சீட்டில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, "வராதீங்க... வராதீங்க... இப்பப் போங்க!" என்று சொல்வது என் வேலை. வளைவில், சந்திப்பில், சிக்னலில், எங்கேயும் நான் "போங்க" என்றால்தான் வண்டி நகரும். பார்க்கிங் ரசீதை எட்டி வாங்குவதும் நானே. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். தென்கிழக்குக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. தொடக்கக் கோட்டில் மெர்ல் ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். வண்டிகளைச் சோதித்து வரிசைக்கு அனுப்புவது அவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். நான் வழக்கம்போல வலது சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"நீ எங்கம்மா போற?"

"இவர் கூட."

"இது என்ன பிக்னிக்கா? பந்தயத்துல ஓட்டுறவர் மட்டும்தான். இறங்கு."

இறங்கி வேலிக்கு இந்தப் பக்கம் இல்ஹாமோடு நின்றுகொண்டேன். இரண்டு கார்களும் கோட்டுக்கு வந்தன. நடுவிலிருந்த விளக்குக் கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கி எரிந்து, பச்சை விழுந்தது. கோல்ஃப் தெறித்துக்கொண்டு போனது. மஸ்டாங் உறுமிக்கொண்டே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"வண்டி ஆஃப் ஆயிருச்சா?" என்றாள் இல்ஹாம்.

ஆகவில்லை. உள்ளே யஸீத் வலது பக்கம் திரும்பி காலி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்க!" என்று கத்தினேன். காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோனது. கூட்டம் மொத்தமும் சேர்ந்து கத்திய பிறகுதான் அவர் கிளம்பினார். அதற்குள் ஷஹீம் மறுமுனையில் இறங்கி, கார் மேல் சாய்ந்து, இல்லாத கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்த யஸீதின் முகம் வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தது.

"நீ சொல்லவே இல்லையே!"

"வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு எப்படிங்க சொல்றது? பச்சை எரிஞ்சது தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு. ஆனா நீ சொல்லலையே..."

ஷஹீம் வந்து தோளில் கை போட்டான். "மச்சான், அடுத்த ரவுண்டுக்கு அக்கா குரல ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கலாமா?"

இரண்டாவது ஓட்டத்தில் யஸீத் கோபத்தை முழுவதும் வலது காலில் இறக்கினார். பச்சை விழுந்ததும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. மெர்ல் ஆன்ட்டி புகைக்குள் காணாமல் போனார். கோல்ஃப் நாலைந்து கார் நீளம் போனபிறகுதான் புகைக்குள்ளிருந்து அந்தக் கருநீல மூக்கு வெளியே வந்தது. ஆனால் சக்கரம் தரையைப் பிடித்ததும் நான் அதுவரை கேட்காத சத்தம் ஒன்று கேட்டது. என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. முடிவுக் கோட்டில் மஸ்டாங் ஒரு மூக்கு முன்னால் இருந்தது. அந்த வண்டிக்கு மூக்கு நீளம் என்று சொன்னேன் அல்லவா.

நானும் இல்ஹாமும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். மஸ்டாங் திரும்பி வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. போய்ப் பார்த்தால் யஸீத் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிலைபோல உட்கார்ந்திருக்கிறார்.

"ஜெயிச்சிட்டீங்க, இறங்குங்க!"

"வசீலா," என்றார் உதடு அசையாமல். "யார் ஜெயிச்சான்னு பாக்கத் திரும்புனேன். இடுப்பு பிடிச்சிருச்சு. என்னத் தொடாத."

நாலு பேர் சேர்ந்து அவரை உட்கார்ந்த நிலையிலேயே வெளியே எடுத்தார்கள். மடக்கு நாற்காலி ஒன்றில் அப்படியே வைத்தார்கள். அவர் கை இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே இருந்தது.

ஷஹீமுக்கு உள்ளூரச் சந்தோஷம். "பாவம் மச்சான். சரி, மூணாவது ரவுண்டு எனக்குத்தானே? ஆளில்லாம கார் மட்டும் ஓடாதுல்ல?"

அவன் அப்படிச் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன்.

"நான் ஓட்டுறேன்," என்றேன்.

"அக்கா, விளையாடாத."

"தினமும் கடை வண்டிய ஓட்டுறது யாரு? உங்கப்பனா?"

"எங்கப்பன் உனக்கும் அப்பன்தான்க்கா."

"அப்ப மரியாதையாப் பேசு."

மெர்ல் ஆன்ட்டி என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரிடமோ ஹெல்மெட் வாங்கி, என் தலைத்துணி மேல் வைத்து ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார். "போ மகளே. இன்னிக்குக் காலையிலேர்ந்து ஆம்பளைங்க புகையத் தின்னு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு."

இடது சீட்டில் அன்றுதான் முதல் முறை உட்கார்ந்தேன். எல்லாமே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாறிக் கிடந்தது. கியர் போட இடது கையை நீட்டினால் கதவில் இடித்தது. நாற்காலியிலிருந்து யஸீத் கத்தினார். "அழுத்து! முழுசா அழுத்து!"

எனக்கு அப்படி ஓட்டி வழக்கமில்லை. கல்யாண வீடுகளுக்குக் கடை வண்டியில் குழம்பு அண்டா ஏற்றிப்போகிறவள் நான். கிளட்சை வெடுக்கென்று விட்டால் குழம்பு முழுக்க என் முதுகில். அதனால் எந்த வண்டியில் ஏறினாலும் என் கால் தானாகவே பதமாகத்தான் இறங்கும். பச்சை விழுந்தது. அண்டா பின்னால் இருப்பது போலவே கிளட்சை விட்டேன். புகை இல்லை. கீச்சொலி இல்லை. அந்த மூக்கு லேசாக வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளியது போல வண்டி போனது.

வாய்விட்டுக் கத்தினேன் என்று நினைக்கிறேன். பயத்தில் இல்லை. மீன் கடை, மண்டபம், பிரியாணி எதுவுமே அந்தக் கால் மைலில் என் நினைவில் இல்லை. ஓரக்கண்ணில் மட்டும் ஒரு வெள்ளை தெரிந்தது. அது எனக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. கோட்டைத் தாண்டும்போதும் முன்னால்தான் இருந்தது.

தொடக்கக் கோட்டுக்குத் திரும்பி வந்ததும் ஷஹீம் காரிலிருந்து குதித்து, சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றி ஆடினான். "தையல் மிஷின்! தையல் மிஷின்!" காற்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போக, அதன் பின்னால் ஓடினான். சட்டையோடு திரும்பி வந்தபோது ஒலிபெருக்கியில் மெர்ல் ஆன்ட்டியின் குரல் கேட்டது.

"வெள்ளைக் கார் தம்பி, ஆடுனது போதும். பச்சை விழறதுக்கு முன்னாடியே நீ கிளம்பிட்ட. உன் பக்கம் சிவப்பு எரியுது பாரு. ஜெயிச்சது அந்தப் பொண்ணு."

ஷஹீம் விளக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அக்கா கியர் தேடுறாளேன்னு பாத்துக்கிட்டிருந்தேன் ஆன்ட்டி! கவனம் போச்சு!"

"அப்ப அவளப் பாத்தே தோத்துட்ட. சட்டையப் போடு."

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கோட்டை முதலில் தாண்டியது யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சோபாவில் மடங்கிக் கிடந்த யஸீத், "சட்டம்னா சட்டம்தான் மாப்ளே," என்று முனகினார்.

கல்யாணத்தன்றும் அவர் இடுப்பு சரியாகவில்லை. ஆகவே நான்தான் ஓட்டினேன். இல்ஹாமின் கவுன் கார் முழுக்க நுரைபோலப் பொங்கி நின்றது. கியர் கம்பி எங்கே போனது என்றே தெரியவில்லை. துணிக்குள் கைவிட்டுத் துழாவினேன்.

"அக்கா, அது என் முட்டி."

"இது?"

"அதுவும் என் முட்டிதான்."

ஷஹீம் கோல்ஃபில் முன்னால் போய் வழிவிலக்கித் தருவதாக ஏற்பாடு. அவன் வேகத்துக்கு நானும் போனேன். இல்ஹாம் வேறு "விடுக்கா, விடுக்கா," என்று பக்கத்திலிருந்து தூண்டிக்கொண்டே வந்தாள். விளைவு, மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஈ காக்கை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பள்ளிவாசலிலிருந்தே கிளம்பவில்லை. கதவு பூட்டியிருந்தது.

மண்டப வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். ஷஹீம் எங்கிருந்தோ சமோசா வாங்கி வந்தான். கவுன் மேல் படாமலிருக்க இல்ஹாமின் கழுத்தைச் சுற்றி யஸீதின் புதுக் கோட்டைக் கட்டினோம். யஸீத் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி கோல்ஃபின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சீட்டைத் தட்டிப் பார்த்து, "இடுப்புக்கு இது நல்லாத்தான்டா இருக்கு," என்றார் மெதுவாக.

"என்ன மச்சான் சொன்னீங்க? கேக்கல. கொஞ்சம் சத்தமா..."

"ஒண்ணும் சொல்லல."

இல்ஹாம் வாயில் சமோசாவோடு சிரித்ததில் புரைக்கேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்து மை கரைந்தது. நான் என் தலைத்துணி நுனியால் துடைத்துவிட்டேன். துடைக்கத் துடைக்க இன்னும் சிரித்தாள். நாளையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணிக்கு அவளும் விருந்தாளியாகத்தான் வருவாள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஷஹீமுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவன் பேச்சை நிறுத்திவிட்டு, கடைசிச் சமோசாவை எடுத்து, கேட்காமலேயே அவள் கையில் வைத்தான்.