ராணுவ வண்டிக்கு அடுத்த இடம்

ட்ராபோவுக்குப் புது லாரி கிடைத்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, வயிறு எரிந்தது. இருபது வருஷமாக ஒரே முதலாளியிடம் ஓட்டுகிறோம், இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். சாவி மட்டும் அவன் கைக்குப் போனது. ஏ.சி. வைத்த வெள்ளை லாரி! எனக்கோ இரண்டு முறை மிதித்தால்தான் நிற்கிற அதே கிழட்டு வண்டி.

எங்கள் புர்கினா நாட்டுக்குக் கடல் கிடையாது. சிமென்ட், அரிசி, மருந்து, ஆணி வரைக்கும் லோமே துறைமுகத்தில் இறங்கி, அடுத்தவன் நாட்டைத் தாண்டி, எங்கள் முதுகில்தான் தலைநகர் வாகாதுகுவுக்கு வர வேண்டும். ட்ராபோ அடுத்த நடையிலேயே பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போய்க் கடலைக் காட்டிவிட்டான். அவள் அலையில் நிற்கிற போட்டோவைத் தெருவே பார்த்தது. என் பெண்டாட்டி கிப்சாவும் பார்த்தாள்.

"அவ கால நனைச்சிட்டே வந்துட்டா. நீ இருபது வருஷமா போற, எனக்கு ஒரு சிப்பியாவது கொண்டாந்தியா?"

என் வண்டியில் ஏற்றினால் பாதி வழி அவள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

நான் மோசி, ட்ராபோ சாமோ. எங்கள் இரண்டு இனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து கேலி உறவு. பார்த்ததும் வணக்கம் கிடையாது, வசைதான். அவன் என்னை அடிமை என்பான், நான் அவனை நாய்த்தலை தின்னி என்பேன். ஒருத்தன் இன்னொருத்தனை எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் கோபம் வரக் கூடாது. ரோந்துக்காரர்களிடம்கூட, "இவன் கோழித்திருடன், புடிச்சுக் கட்டுங்க" என்று மாற்றி மாற்றிச் சொல்வோம். அவர்களும் சிரித்துவிட்டு அனுப்புவார்கள்.

போன மாசம் எல்லை தாண்டியதும் வழக்கம்போல் நிறுத்தினார்கள். அங்கிருந்து காட்டுவழி. துப்பாக்கியோடு திரிகிறவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை, காட்டில் இருப்பவர்கள் என்போம். பாலத்தை அவர்கள் தகர்த்துவிட்டதால் ஆற்று மணலில் இறங்கி ஏற வேண்டும். ராணுவம் துணைக்கு வந்தால்தான் லாரிகள் நகரும். ராணுவ வண்டிக்கு அடுத்த லாரிக்கு அவ்வளவாகப் பயமில்லை. கடைசியில் வருபவனைத்தான் அடிப்பார்கள்.

இளம் அதிகாரி ஒருவன் வரிசை பிரித்தான். மணலில் சிக்காத புது வண்டிகள் முன்னால், பழசெல்லாம் பின்னால். ட்ராபோ முதல் லாரி. நான் அறுபத்தொன்று, எனக்குப் பின்னால் வெறும் புழுதி.

ட்ராபோ ஜன்னலை இறக்கிக் கத்தினான். "டேய் அடிமை! போய் வால்ல நில்லுடா. ஈ ஓட்ட ஆள் வேணும்ல!"

அத்தனை டிரைவர்களும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். லாரியும் அவனுக்கு, கடலும் அவனுக்கு, இப்போது உயிரும் அவனுக்கா?

அதிகாரி ட்ராபோவின் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நேரே போனேன். கோழித்திருடன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வேறு சொன்னது.

"சார், இவனப் புடிச்சு உள்ள போடுங்க. காட்டுல இருக்கிறவங்களுக்கு டீசல் கொண்டுபோய்க் குடுக்கிறவன் இவன்தான்."

யாரும் சிரிக்கவில்லை. ட்ராபோவின் இருக்கைக்குப் பின்னால் நான்கு கேன் டீசல் இருந்தது. வழியில் பங்க் இல்லாததால் எல்லோரும் வைத்திருப்பதுதான், என்னிடமும் இருந்தது. இரண்டு சிப்பாய்கள் அவனை இழுத்து இறக்கினார்கள். தலைமேல் கையை வைத்து மண்டியிட வைத்தார்கள்.

ட்ராபோ இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "சார், சார், அவன் மோசி, நான் சாமோ! அந்த அடிமைக்குப் பேச்சே அப்படித்தான்."

அதிகாரி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"எங்கப்பா மோசி, எங்கம்மா சாமோ. இந்தக் கூத்து எங்க வீட்ல தெனம் நடக்கும். நாய், அடிமை, திருடன், எல்லாம் கேட்டிருக்கேன். டீசல் குடுக்கிறான்னு ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல. போன வாரம் என் ஆளுங்க மூணு பேர் போயிட்டாங்க. வெளயாட்டா, நெசமா? ஒரு வார்த்த சொல்லு."

விளையாட்டு என்று சொன்னால் போதும். ஆனால் வெள்ளை லாரியின் கதவு திறந்தே கிடந்தது, உள்ளேயிருந்த குளிர்ச்சி என் முகத்தில் பட்டது. இவன் போய்விட்டால் சாவி யாருக்கு வரும்? அட பாவி, அதைத்தான் நினைத்தேன்! கிப்சா அலையில் நிற்பதைக்கூடப் பார்த்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ட்ராபோ சிரிப்பை நிறுத்தித் தலை தூக்கி என்னைப் பார்க்கிற அளவு நேரம்.

"வெளயாட்டு சார்," என்றேன். "சத்தியமா வெளயாட்டுதான்."

அதிகாரி காகிதங்களை ட்ராபோவிடம் கொடுத்தான். ட்ராபோ எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். வசை வரும், காது கிழியத் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"திட்டுடா," என்றேன். "நாய்த்தலை தின்னி, ஏதாவது சொல்லுடா."

அவன் என் பக்கம் திரும்பாமல் அதிகாரியிடம் பேசினான்.

"சார், என் எடத்த இவருக்குக் குடுத்துடுங்க. இவர் எனக்குப் பின்னால வர வேணாம். முன்னால போகட்டும், என் கண்ணுக்குத் தெரியற மாதிரி."

அதிகாரி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றான். அறுபது லாரிகளின் டிரைவர்கள் பார்க்க, என் கிழட்டு வண்டியை ஓட்டி வந்து ராணுவ வண்டிக்கு அடுத்து நிறுத்தினேன். யாரும் கேலி செய்யவில்லை.