நத்தையின் மெஷின்

“போறதுக்கு வழி தெரிஞ்ச மாதிரி, வர்றதுக்கும் தெரியும்ல?”

“தெரியும். ஆனா வான்னு ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வரணும். இத்தனை வருஷத்துல எதையாவது என்கிட்ட கேட்டிருக்கியா நீ? உங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்ததையே, அவர் வீடு திரும்பினப்புறம்தானே சொன்னே? நான் உனக்குப் புருஷனா, பக்கத்து வீட்டுக்காரனா?”

“முன்னாடியே சொல்லியிருந்தா மட்டும்? நீங்க சட்டைக்குப் பட்டன் போட்டு முடிக்கறதுக்குள்ள அவரே எழுந்து வந்திருப்பார்.”

கோபித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனவன், மறுநாள் துணிமணி எடுக்க வந்தபோது நடந்த பேச்சு இது. விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்த பிறகும், ‘வா’ என்ற அந்த ஓரெழுத்து அவள் நாக்கில் ஏறவில்லை. ஐந்து மாதம் ஓடிவிட்டது.

வீடுதான் இரண்டானதே தவிர, வேலை ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் ஒரே அறையில். நோயாளிகளின் சதைத் துணுக்கைப் பாரஃபின் மெழுகில் பதித்து, அந்த மெழுகுக் கட்டியைத் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டும் வேலை. சீவும் மெஷின்கள் இரண்டு. ஒன்று அவளுக்கு, முதுகுக்குப் பின்னால் இருப்பது அவனுக்கு. அவனுடைய நிதானத்துக்கு ‘நத்தை’ என்று பெயர் வைத்தவள் அவள்தான். ஆய்வகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. இப்போதெல்லாம் அவன் அவளை ‘மேடம், நீங்க’ என்று கூப்பிட்டான். அது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அன்று காலை டாக்டரம்மா ஒரு மெழுகுக் கட்டியை அவள் மேஜையில் வைத்தார்.

“உன் தங்கச்சியோடது. இன்னும் நாலு ஸ்லைடு வேணும். மூளையில இருக்கறது என்ன வகைக் கட்டின்னு தெரிஞ்சாத்தான் மருந்து ஆரம்பிக்க முடியும். உள்ளே மிச்சம் ரொம்பக் கொஞ்சம். முதல்ல வெட்டினது உன் வீட்டுக்காரர்தான். அவர்கிட்டயே குடுத்துடு. உனக்குக் கை நடுங்கும்.”

“நடுங்காது டாக்டர். நானே வெட்டறேன்.”

மெழுகுக்குள் நகத்துணுக்கு அளவுக்கு ஒரு மங்கிய வெள்ளைக் கீற்று. தங்கையின் மூளையிலிருந்து எடுத்தது. மேல்மாடி வார்டில், கட்டுப்போட்ட தலையோடு அவள் காலையில் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “இன்னொரு தடவை மண்டையில ஓட்டை மட்டும் வேணாம்க்கா. என்னால தாங்க முடியாது.” இந்தக் கீற்று வீணானால் அதைத்தான் செய்தாக வேண்டும்.

கட்டியை ஐஸில் குளிரவைத்து, துடைத்து, தன் மெஷினின் பிடியில் இறுக்கினாள். புது பிளேடு. சக்கரத்தைச் சுற்றினாள். பிளேடு கட்டியைத் தொடவில்லை. இன்னொரு சுற்று. ஒரு மூலையில் மட்டும் மெழுகு சீவி விழுந்தது.

அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள்.

இது அவன் மெஷினில் வெட்டிய கட்டி. இரண்டு மெஷின்களின் பிடியும் ஒரே சாய்வில் இருப்பதில்லை. ஒன்றில் வெட்டியதை மற்றொன்றில் மாட்டினால் கட்டியின் முகம் கோணலாக நிற்கும். அது சமமாகும்வரை சீவிச்சீவிக் கொட்ட வேண்டும். பெரிய சதைத்துண்டு என்றால் பரவாயில்லை. இதில் சமமாவதற்குள் தங்கையின் கீற்று குப்பைக்கூடையில் இருக்கும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். வீம்பில் அவளுக்கே மறந்துவிட்டது.

விழுந்த சீவலை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வெறும் மெழுகு. கீற்று இன்னும் தப்பித்திருந்தது, மயிரிழையில். பிடியின் திருகைக் குத்துமதிப்பாகத் திருப்பிப் பார்க்கலாமா? விரல் திருகுவரை போனது. தொடாமல் இழுத்துக்கொண்டாள். சக்கரத்தைப் பூட்டினாள்.

பின்னால் அவன் மெஷினின் சத்தமும் நின்றது. ஆனால் அவன் திரும்பவில்லை.

“ஏங்க.”

ஸ்டூல் கிரீச்சிட்டது.

“இதை உங்க மெஷின்ல வெட்டித் தரீங்களா? என்னால முடியல.”

அவன் வந்து கட்டியைப் பார்த்தான். “திருகைத் தொட்டியா?”

“இல்ல.”

“தப்பிச்சோம்.”

‘நீங்க’ காணாமல் போனதை அவள் கவனித்தாள். இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

அவன் ஈரப்பஞ்சை எடுத்தான். கட்டியின் மேல் வைத்தான். ஐஸில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நத்தைக்கு அவசரம் ஆகாது மேடம்.”

“இன்னிக்கு நத்தையாவே இருங்க. நான் வாயே திறக்கல.”

“அதிசயம்தான்.”

அவன் பிடியில் கட்டி அப்படியே பொருந்தியது. முதல் சுற்றிலேயே முழு முகமும் சீவி வந்தது. ஆனால் வெள்ளைக் கீற்று வறண்ட ஏரிபோல வெடித்து உதிர்ந்தது.

“போச்சா?” அவள் குனிந்து பார்த்தாள்.

“ஒண்ணு போச்சு. மூளைச் சதை சட்டுனு காய்ஞ்சுடும். சக்கரம் ஒரு கை, பிரஷ் ஒரு கை. எனக்கு மூணாவது கை கிடையாது. நீ ஊது.”

“நானா?”

“வேற யாரு இருக்கா இங்க? விளக்கை அணைக்கிற மாதிரி ஊதாதே. கண்ணாடியில ஆவி படியற மாதிரி.”

அவள் மாஸ்க்கை இறக்கிவிட்டுக் குனிந்தாள். அவன் தோள் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வாயைத் திறந்து மெதுவாக மூச்சை விட்டாள். மெழுகின் முகம் பனித்தது.

“விலகிக்கோ.”

சக்கரம் மெல்லச் சுற்றியது. சீவல் சுருளாமல், வெடிக்காமல், பிளேடின் மேல் வழுக்கி வந்தது.

“மறுபடி.”

மூச்சு, சுற்று, மூச்சு, சுற்று. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பனாக நீண்டன. பிரஷ் நுனியால் அதைத் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்தான். சுருக்கம் விரிந்தது. ஒவ்வொன்றிலும் அந்தக் கீற்று முழுசாக. அவள் கண்ணாடித் தகடுகளைத் தண்ணீருக்குள் சாய்த்து ஒவ்வொன்றாக ஏந்தினாள். நான்கு. கட்டிக்குள் இன்னும் ஒரு பொடி மிச்சம் இருந்தது.

“மறுபடி ஓட்டை போட வேண்டியதில்ல,” என்றான் அவன். “சாயம் ஏறி முடிவு தெரிய சாயங்காலம் ஆகும். நீ தங்கச்சிகிட்ட போ. நான் இங்கே பார்த்துக்கறேன்.”

அவள் கதவுவரை போனாள். முடிவு எப்படி வந்தாலும், அதைத் தங்கையிடம் சொல்லத் தனியாகத்தான் படியேறுவாள், எப்போதும் அப்படித்தான். கைப்பிடியில் வைத்த கை அங்கேயே நின்றது.

“என்ன, இன்னும் ஏதாவது வெட்டணுமா?”

“சாயங்காலம் நீங்களும் வாங்க, மாடிக்கு. தனியா என்னால அவ முகத்தைப் பார்க்க முடியாது.” கைப்பிடியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். “அப்புறம்... அப்படியே நம்ம வீட்டுக்கும் வந்துடுங்க.”