விற்பதற்கு ஒரு பகையாளி

அந்த வீட்டுக்காரருக்குப் பங்கு வாங்க நன்றாக வரும். விற்க மட்டும் கை வராது. விலை இவ்வளவு இறங்கினால் தானாக விற்றுவிடட்டும் என்று ஸ்டாப் லாஸ் போட்டு வைப்பார். விலை அதை நெருங்கியதும் அதை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி வைப்பார். "பொறு, ஏறும்" என்பார். எங்கே ஏறியது? அவருடைய ரத்த அழுத்தம்தான் ஏறியது.

போட்ட பணம் மனைவியுடையது. இருபது வருடம் நடத்திய போட்டோ ஸ்டூடியோவை விற்று வந்தது. அதைவிட்டால் அவளுக்கு வேறு கைமுதல் கிடையாது. தானே விற்கலாமென்றால், கணவர் மூஞ்சியைத் தொங்கப்போட்டதும் இளகிவிடுவாள். அதனால் விற்கும் வேலையைத் தன் அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணனுக்கும் மாப்பிள்ளைக்கும் கல்யாணத்தன்றே முட்டிக்கொண்டது. இன்றுவரை ஏழாம் பொருத்தம்தான். ஈவிரக்கம் இல்லாமல் விற்க வேறு ஆள் எங்கே கிடைக்கும்? கணவரின் அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இந்த மூன்று பேரில் யாரைக் கண்டாலும் ஆகாது. வாசல்படி மிதிப்பதே இல்லை.

சட்டம் இரண்டு. வாங்கிய விலையிலிருந்து எட்டு சதவீதம் இறங்கினால் அண்ணன் விற்றுவிட வேண்டும். ஒரே துறையில் கால்வாசிப் பணத்துக்கு மேல் போடக்கூடாது.

அண்ணன் தினமும் காலையில் வந்து சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காருவார். "வித்துட்டேன் மாப்பிள்ளை" என்று சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"உங்க மூஞ்சில முழிச்சா எது மச்சான் ஏறும்?" என்று மாப்பிள்ளை பல்லைக் கடிப்பார்.

வீடு நரகமாக இருந்தது. பணம் மட்டும் பத்திரமாக இருந்தது.

போன வாரம் மாப்பிள்ளை நாலு பங்கு வாங்கினார்: லாரி கம்பெனி, டயர் கம்பெனி, பேட்டரி கம்பெனி, வண்டிக் கடன் கொடுக்கும் கம்பெனி.

"எல்லாம் ஒரே வண்டிதானே?" என்றாள் மனைவி.

"நாலும் நாலு துறைடி. டயர்னா ரப்பர், கடன்னா ஃபைனான்ஸ். உனக்கென்ன தெரியும்?"

எதற்கெடுத்தாலும் மாப்பிள்ளையை மறுத்துப் பேசும் அண்ணன் அன்று வாயே திறக்கவில்லை. அவள் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வண்டி விற்பனை படுத்துவிட்டதென்று இன்று செய்தி வந்தது. சந்தை திறந்ததும் நாலும் கைகோத்துக்கொண்டு இறங்கின. அண்ணன் வாயிலிருந்து "வித்துட்டேன்" வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"அண்ணே, எட்டைத் தாண்டிடுச்சு."

"கொஞ்சம் பொறும்மா. ஏறும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபது வருடம் முகங்களையே பார்த்தவள் அவள். அண்ணனோ பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி கண்ணைச் சிமிட்டாமல் இருந்தார். அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். அவளுடைய கணக்கை அடுத்து அண்ணனின் சொந்தக் கணக்கு. அதே லாரி, அதே டயர், அதே பேட்டரி, அதே கடன்.

"மாப்பிள்ளை அவ்வளவு அடிச்சு சொன்னாரேன்னு..." என்று மென்று விழுங்கினார் அண்ணன்.

"மச்சான்!" மாப்பிள்ளை எழுந்தே விட்டார். அந்தச் சொல்லில் பாசம் வழிந்தது இதுதான் முதல் தடவை. "நீங்களுமா? அப்ப ரெண்டு நாள் பொறுப்போம். இவ பேச்சைக் கேட்டா உருப்படுமா?"

"அதானே மாப்பிள்ளை. இவளுக்கு எப்பவும் அவசரம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்திலிருந்து ஒட்டாத இந்த இரண்டு பேரும் ராசியாவதற்கு அவள் பணம்தானா கிடைத்தது? இந்த முறை அவள் இளகவில்லை. தன் கணக்கில் இருந்த நாலையும் விற்றுத் தீர்த்தாள்.

"ஐயோ, என்னோடதையும் வித்துடாதே!" என்று அண்ணன் பதறினார்.

"உன்னோடது எக்கேடோ கெட்டுப்போகட்டும்" என்று போனை மேசைமேல் வீசினாள். "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்ட வரைக்கும்தான் என் காசு தப்பிச்சுது."

அவர்கள் காதில் அது விழவில்லை. ஒரே போனுக்குமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நாளை எவ்வளவு ஏறும் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் அடுத்த அறைக்குப் போய்த் தன் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"என்ன, நான் செத்துட்டேனான்னு பாக்கக் கூப்பிட்டியா?"

"இல்ல அண்ணி. உங்க தம்பி வாங்குற பங்கு இறங்கினா, உடனே விக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்."



"அவன் எதிர்லயே உட்கார்ந்து விக்கலாமா?"

"எதிர்லயே."

"காலைல எத்தனை மணிக்கு வரணும்?"