பறிப்பு நாள்

...இது மூன்றாவது பாத்தியா, நான்காவதா, எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும், எண்ணத்தான் தோன்றவில்லை, கத்தரிக்கோல் பாட்டுக்குக் காம்பை வெட்டுகிறது, இடது கை வெள்ளரிக்காயை வாங்கிக் கூடையில் படுக்க வைக்கிறது, அடுத்த கொடி, அடுத்த காய், ஒரு சாண் நீளம் வந்ததை மட்டும் எடு, மற்றதை விடு, இதெல்லாம் ஹெலனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கைக்கே தெரியும். காலையில் ஐந்து மணிக்குத் தம்பி ஜூட் சேலத்திலிருந்து போன் பண்ணி, அக்கா, அப்பா போயிட்டாரு, என்று சொன்னபோதும் கைதான் முதலில் வேலை பார்த்தது, அடுப்பைச் சிறிதாக்கியது, பால் பொங்கவில்லை. சரி, என்றாள். மூணு மணிக்குக் கோயில்ல பூசை, அப்புறம் அடக்கம், என்றான். அதற்கும் சரி. வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? எப்படி ஆச்சு, கூட யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள் இல்லையா, மனிதர்கள் கேட்பார்கள், அவள் டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பின்கதவைத் திறந்துகொண்டு பாலிஹவுசுக்கு வந்துவிட்டாள். இன்று பறிப்பு நாள். ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், எட்டரைக்குக் காய் வண்டி வந்து நிற்கும்...

உள்ளே வர இரண்டு கதவு, ஒன்றைச் சாத்திய பிறகுதான் இன்னொன்றைத் திறக்கலாம், நடுவில் தொட்டியில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு பூச்சிகூட, ஒரு நோய்கூடத் தொற்றிக்கொண்டு வரக் கூடாது, அதைத் தாண்டி வந்துவிட்டால் வெளியே என்ன மாதம் என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. மேலே பால் நிறத் தாள், பக்கமெல்லாம் வலை, கீழே முழங்கால் உயரத்துக்கு எடுத்துக் கட்டிய பன்னிரண்டு மேட்டுப்பாத்தி, செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் தொழுவுரமும் கலந்து நிரப்பியது, பத்தில் வெள்ளரி, ஓரத்து இரண்டில் கீரை. மல்லசமுத்திரத்தைச் சுற்றி மானாவாரிக் காடெல்லாம் சித்திரையில் வெடித்துக் கிடக்கும்போதும் இங்கே ஈரம் இருக்கும், பச்சை இருக்கும். புருஷன் வேலுமணி ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறான், மூன்று தரம் அடித்தாள், போகவில்லை, டவர் இருக்காது. போயிருந்தால்? எங்கப்பா தவறிட்டாருங்க என்று சொல்லியிருப்பாள், எந்த அப்பா என்று அவன் கேட்க மாட்டான், ஆனால் ஒரு நொடி யோசிப்பான், அந்த ஒரு நொடி அவளுக்குக் கேட்டிருக்கும்.

பத்தொன்பது வருஷம். அப்பா அமிர்தசாமி அரசு பஸ்ஸில் கண்டக்டர். ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு அவளும் வேலுமணியும் சேலம் வீட்டு வாசலில் போய் நின்றபோது காக்கிச் சட்டையோடு வெளியே வந்தார், எனக்கு ஜூட் ஒருத்தன்தான் புள்ள, என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார், செருப்பை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். டிக்கெட் எடுக்காதவனை இறக்கிவிடுகிற மாதிரி இறக்கிவிட்டார், அவ்வளவுதான். அம்மா செத்தது ஆறு வருஷம் முன்பு, அது தெரிந்தது ஒன்பதாம் நாள், திருச்செங்கோட்டுச் சந்தையில் பழைய பக்கத்து வீட்டு சௌந்திரம் பார்த்து, உனக்குச் சொல்லவே இல்லியா கண்ணு, என்றாள். அன்றைக்கு அழுதாள், தக்காளிக் கடை முன்னால், எல்லோரும் பார்க்க. அதோடு தீர்ந்துபோய்விட்டதோ? தீருமா அது? சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்துக்கொண்டால் மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் மட்டும் வராது, அப்படி ஏதோ...

போன ஆடியில் ஒரு நாள் அவரே வந்தார். சொல்லவில்லை, பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்து, நடந்தே வந்திருக்கிறார். வலைக்கு வெளியே நின்று, உள்ள வரலாமா, என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தாள், தலை முழுக்க வெள்ளையாக ஒரு கிழவர், அடையாளம் தெரிந்த பிறகும் நெஞ்சில் ஒன்றும் இடிக்கவில்லை, காலை நனைச்சுட்டு வாங்க, என்றாள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு பேசியது அதுதான். வந்தார், இரண்டு பாத்திக்கு நடுவில் காலை அகட்டி நின்றார், ஓடுகிற பஸ்ஸில் நிற்பதுபோல, வலை எதுக்கு, தண்ணி எங்கிருந்து வருது, வெயில்ல வாடாதா என்று கேட்டார், பார்க்க வந்த அதிகாரிக்குச் சொல்வதுபோல அவளும் பதில் சொன்னாள். ஒரு காயைத் துண்டில் துடைத்துத் தின்றார், நல்லா இருக்கு, என்றார், போய்விட்டார். பிறகு ஆவணியில், புரட்டாசியில், டிசம்பரில். அம்மாவைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. யாருங்க்கா அது, என்று கூட வேலை செய்கிற அறிவுச்செல்வி கேட்டதற்கு, தெரிஞ்சவரு, என்றாள். வேலுமணியிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. எதற்காக மறைத்தாள்? மறைப்பதற்கு அதில் என்ன இருந்தது?

டிசம்பரில் வந்தபோதுதான் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"இந்தக் கிறிஸ்மசுக்கு வீட்டுக்கு வந்துட்டுப் போயேன்."

"பறிப்பு இருக்கு. ஒரு நாள் விட்டாக் காய் முத்திப் போயிரும்."

"வருஷம் பூராவுமா?"

"வருஷம் பூராவும்."

தலையை ஆட்டினார். அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது, அவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் கொடி, மஞ்சள் பூ, ஒரு இலை அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அவர் அதை விலக்காமல் டம்ளரைக் கீழே வைக்கிறார். அது பொய்யும் இல்லை, இங்கே எப்போதும் ஏதாவது காய்த்துக்கொண்டுதான் இருக்கும், அறிவுச்செல்வியிடம் விட்டுவிட்டு ஒரு நாள் போய் வந்திருக்கலாம்தான், அம்மா கிடந்த வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நுழைந்து கேக்கைத் தின்ன வேண்டுமா என்றுதான் தொண்டையில் நின்றது, வாய் வெள்ளரிக்காயைச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. தை முழுக்க வரவில்லை. அவளும் ஏன் என்று நினைக்கவில்லை, அல்லது நினைத்தாளா?

இடுப்பில் போன் அதிர்ந்தது. ஜூட். அவள் வீட்டை விட்டு வந்தபோது பதினொன்றாவது படித்தவன், இப்போது குரல் அப்பாவுடையது மாதிரியே இருக்கிறது. வர்றியாக்கா, என்று கேட்டான், அவள் பதில் சொல்லும் முன் அவனே தொடர்ந்தான்.

"நாலு நாளா ஆஸ்பத்திரியில இருந்தாரு. அன்னைக்கே உனக்குச் சொல்லியிருப்பேன். அவருதான் வேணாம்னுட்டாரு. ஹெலனுக்குப் பறிப்பு நேரம், ஒரு நாள் விட்டாக் காய் முத்திரும், அவளக் கூப்பிடாதன்னாரு. உன்னப் பாக்க வந்துட்டிருந்தாருங்கிறதே எனக்கு அப்பத்தான் தெரியும், உன் நம்பரையும் அவரு போன்லதான் எடுத்தேன்."

சரி, என்றாள். போனை இடுப்பில் சொருகிக்கொண்டாள். நம்பியிருக்கிறார். சொன்னதை அப்படியே நம்பி, கட்டிலில் கிடக்கும்போதுகூட அதை மறக்காமல் வைத்திருந்து... விவசாயம் தெரியாத மனுஷர், பறிப்பு என்றால் பறிப்பு. நாலு நாள். இந்த நாலு நாளில் இரண்டு பறிப்பு. குத்த வேண்டும் இல்லையா இது, மரத்துப்போன காலைக் கிள்ளுவதுபோல இருக்கிறது, கிள்ளுவது தெரிகிறது, வலி வேறு யாருடையதோ. அடுத்த கொடி. அடுத்த காய்.

ஏழு மணிக்கு அறிவுச்செல்வி காலை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஹெலன் கத்தரிப்பதை நிறுத்தாமலே, அந்தப் பெரியவர் தவறிவிட்டார், அவர் என் அப்பா, என்றாள். அறிவுச்செல்வி பாத்தி விளிம்பில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணீர் தன்னால் வழிந்தது அவளுக்கு, எவ்வளவு சுலபமாக.

"தெரியுமுங்க்கா. சாடைதான் அப்படியே இருக்குதே. நீங்களாச் சொல்லோணும்னுதான் நானு கேக்கல." மூக்கைத் துடைத்தாள். "கடைசியா வந்தப்பக்கூட, கொடியெல்லாம் புடுங்கிப்போட்டுப் பாத்தி மொட்டையாக் கெடந்துச்சில்லீங்க, நீங்க டீ வெக்க ஊட்டுக்குப் போயிட்டீங்க, நானு ஒண்டியா உரம் போட்டுட்டிருந்தேன். அவருதான் கூடையத் தூக்கித் தூக்கிக் கொட்டினாரு. நாத்து நட்டாக் காய் வர எத்தன நாளாகும்மான்னு கேட்டாரு. நாப்பது நாளாகுமுங்கன்னேன்."

கத்தரிக்கோல் நின்றது. இல்லை, கொடி இருந்தது, மஞ்சள் பூ, தோளில் இலை... அது புரட்டாசி. புரட்டாசியில்தான் இலை. டிசம்பரில் என்ன இருந்தது? பத்துப் பாத்தியும் வெறும் மண், தொழுவுர வாசம், அவர் விரல் நுனியெல்லாம் கறுப்பாக, அந்த விரலால்தான் டம்ளரை வாங்கினார். வெறும் மண்ணுக்கு நடுவில் நின்றுகொண்டு அவள் பறிப்பு இருக்கு என்றாள். அதற்குள் நாற்பது நாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான், வருஷம் பூராவுமா, என்று கேட்டார். தெரிந்துகொண்டுதான் அதை ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக்கொண்டு போய் ஜூட்டிடம் நிஜம்போலச் சொல்லியிருக்கிறார். தம்பி முன்னால் அவளை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கா? இல்லை, உன் பொய்யை நீயே வைத்துக்கொள் என்றா? இல்லை, இதுதான் எனக்குரியது என்று வாங்கிக்கொண்டாரா?

மீதியை நீ பார்த்துக்கொள், வண்டியில் ஏற்றிவிடு, என்று அறிவுச்செல்வியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். புடவை மாற்றினாள், வீட்டைப் பூட்டினாள், ரோட்டுக்கு நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. நிறுத்தத்தில் நின்று ஜூட்டைக் கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் செபமாலை சொல்வது கேட்டது.

"சொல்லுக்கா."

"வாரேன். பஸ்ஸுக்கு நிக்கிறேன்." அதோடு வைத்திருக்கலாம். "ஜூட், எனக்குப் பறிப்பு நேரம்னு அப்பா சொன்னாருன்னியே, சொல்லும்போது... சிரிச்சாரா?"

தூரத்தில் திருப்பத்தில் சேலம் பஸ் தெரிந்தது, பள்ளத்தில் இறங்கி மறைந்தது, மறுபடி ஏறியது, அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.