உழாமல் கிடந்த காடு

அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் ஹேமலதா வேதியியல் ஆசிரியை. களிமண்ணிலிருந்து அலுமினியம் பிரித்தெடுப்பது அவளுடைய ஆராய்ச்சி. நரிக்குடிப் பக்கம் மானாவாரி வெள்ளாமை செய்யும் சோணைமுத்து என்ற சம்சாரியின் காட்டில் அள்ளி வந்த மண்ணை உலையில் சுட்டு, பொடித்து, அமிலத்தில் கொதிக்கவைத்தாள். மண்ணிலுள்ள அலுமினியம் அமிலத்தில் கரைந்துவிடும். மற்றது அடியில் தங்கும்.

முதல் சோதனையிலேயே எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கிடைத்தது. அன்றே சோணைமுத்துவுக்குப் போன் செய்தாள். "அய்யா, உங்க மண்ணு லேசுப்பட்ட மண்ணு இல்ல. கம்பெனிக்காரங்களே தேடி வருவாங்க."

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அமிலக் குடுவையை அவசரத்தில் அலுமினியத் தாளால் மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஆவி பட்டுத் தாளெல்லாம் ஓட்டை. கரைந்தது குடுவைக்குள்தான் சொட்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். வந்த அளவை மண்ணின் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள்.

பிறகு கண்ணாடித் தட்டால் மூடிச் செய்த சோதனைகளில் அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. மூன்று மாதம் மனதைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தவள் ஒருநாள் பஸ் ஏறினாள்.

அக்கம்பக்கத்துக் காடுகளில் குதிரைவாலி முழங்கால் உயரம் நின்றது. சோணைமுத்துவின் காடு மட்டும் உழாமல் கிடந்தது. சுற்றிலும் புதுக் கம்பிவேலி.

"கம்பெனிக்காரக எப்ப வாராக தாயி? அவுக தோண்டுறப்ப வெள்ளாமை இடைஞ்சலா இருக்குமேன்னு வெதைக்கல" என்றார்.

அவள் தாளைப் பற்றியும், மண் சாதாரண மண்தான் என்றும் சொன்னாள். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"ஓட்டைய எப்பப் பாத்தீக?"

போன வாரம் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது.

"அன்னைக்கேங்க. போன் பண்றதுக்கு முன்னாடியே."

தண்ணீர்ச் செம்போடு வந்த அவர் மனைவி ஈஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள்.

"டீக்கடையில ஊரு பூராச் சொல்லிட்டேன். நீங்களே வந்து சொல்லிருங்க. நான் சொன்னா சமாளிக்கிறான்னு சொல்லுவாக" என்றார் சோணைமுத்து.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தப்பு தன்னுடையது என்று அவள் இரண்டு முறை சொன்னாள்.

"ஏலே சோணை, வேலிய என்னலே செய்யப் போற?" என்றார் காளீஸ்வரன் என்பவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளைப் பார்த்து ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பெஞ்சில் இடம் விட்டு, டீச்சருக்கு ஒரு டீ என்றார்கள்.

மறுநாள் தன் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து முதல் சோதனையின் முடிவைத் திரும்பப் பெற்றாள்.

அதன்பின் இரண்டு முறை போன் செய்தாள். ஈஸ்வரிதான் எடுத்தாள். "அவுக வெளிய போயிருக்காக" என்றாள். பக்கத்தில் அவர் இருமுவது கேட்டது.