முறைக்குடம்

மலைமேல் இருந்த சாமிக்குக் கால் வலி. அதனால் அங்கம்மாவுக்கும் கால் வலி.

ஜொகூரில், லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்தின் கோடியில் அந்த மலை. பழனிமலை அளவுக்கு யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வெறுங்கையோடு ஏறினால் அது குன்று, தலையில் குடத்தோடு ஏறினால் மலை. அங்கம்மா ஒரு நாளும் வெறுங்கையோடு ஏறியதில்லை.

மலையின் கதை தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தன் சனம் கப்பலேறி இந்தப் பக்கம் போய்விட்டதென்று கேள்விப்பட்ட முருகன், மயிலைக்கூட எழுப்பாமல் பின்னாலேயே புறப்பட்டு வந்தாராம். கரையில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். இந்த உச்சிக்கு வந்ததும் இனிமேல் ஒரு அடி வைக்க முடியாதென்று உட்கார்ந்துவிட்டார். அப்போது காடு வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண், குடத்துத் தண்ணீரை அவர் காலில் ஊற்றிக் கழுவினாள். சாமிக்கு உயிர் வந்தது. "பொழுது சாயறதுக்குள்ள தினம் ஒரு குடம் தண்ணி கால்ல விழணும். விழாத அன்னிக்கு எழுந்து நடந்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் எங்கள் வீட்டுப் பெண்தான் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள்.

கதைக்கு ஏற்றபடி, சிலையையும் தோட்டத்துக் கொத்தனார் உட்கார்ந்த கோலத்தில் சிமெண்டில் செய்துவைத்தார். வேல் பிடிக்க வேண்டிய வலது கை கொஞ்சம் விரிந்துபோய்விட்டது. வேல் நிற்கவில்லை. அதைப் பக்கத்தில் தரையில் நட்டுவிட்டார்கள். சாமி உள்ளங்கையை விரித்து, எதையோ கேட்டு வாங்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தண்ணீருக்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை. தோட்டத்தை விட்டுப் போகிறவர்கள் முறையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. தலையில் குடத்துக்கு அடியில் வைக்கும் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி, "என் முறை இனி உன் முறை" என்று சொல்லி இன்னொருவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும். உள்ளங்கையில் பட்டுவிட்டால் பட்டதுதான், மறுக்கக் கூடாது. யாருக்கும் விலக்கு இல்லை என்பது கோயில் சட்டம். அதை எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் யாராவது அழித்திருப்பார்கள்.

லயம் நிறைய ஆள் இருந்தவரை அது ஒரு பாரமா? எப்போதாவது ஒரு நாள் வரும், பொங்கல் வைத்துக் கொண்டாடிக்கொண்டே ஏறுவார்கள். ரப்பர் விலை விழுந்ததும் எல்லாம் மாறியது. துரை ஆள் குறைத்தார். ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டி ஊருக்குக் கப்பலேறியது. ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் மலைப்பாதை ஓரத்து முதல் வீட்டுக்கு வந்தது. அங்கே அங்கம்மா இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், யார் வந்து அழுதாலும் கூடச் சேர்ந்து அழுகிறவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டிவிடுவாள். இப்படி வாங்கி வாங்கி, மாதத்தில் ஒரு நாளாக இருந்த அவள் முறை வாரத்தில் ஒரு நாளாகி, ஒன்று விட்டு ஒரு நாளாகி, கடைசியில் தினமும் அவள்தான் என்றாகிவிட்டது.

காலையில் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்ட வேண்டும், வடிந்த பாலை எடுக்க வேண்டும், அதன் பிறகு ஓடைத் தண்ணீரைச் சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டும். உச்சந்தலையில் சும்மாடு அழுத்தி அழுத்தி ஒரு காசளவு முடி கொட்டிப்போயிருந்தது. அவளுக்கு அலுத்துவிட்டது. பக்தி குறைந்துவிட்டதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். சலிப்பு வேறு, பக்தி வேறு. அவளுக்குள் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் குடியிருந்தன.

அன்று காலை பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் கலையும்போது மரியநாதன் அவளைத் தேடி வந்தான். பால் நிறுக்கிற கொட்டகையில் வேலை செய்கிறவன். மூவாரில் இருக்கும் தங்கை செசிலியாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று போயிருந்தவன், முந்தின நாள்தான் திரும்பியிருந்தான்.

"அக்கா, செல்லத்தைப் பாத்தேன். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. இன்னிக்கோ நாளைக்கோன்னு மருத்துவச்சி சொல்றாங்க. 'அம்மாவ வரச் சொல்லுங்கண்ணே'ன்னு ஒரே அழுகை."

செல்லம் அங்கம்மாவுக்கு ஒரே மகள். மூவாரில் மரம் அறுக்கும் பட்டறைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். முதல் பிரசவத்தின்போதும் ஆள் வந்து சொன்னது. அப்போது வாரத்தில் ஒரு நாள்தான் முறை, அது அன்றைக்கு வந்து விழுந்தது. முறையை மாற்றிவிட ஆள் தேடி, கிடைக்காமல், தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் ரயிலேறி, குளுவாங்கில் இறங்கி பஸ் பிடித்து, பத்து பகாட் வழியாக மூவார் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைப் புதைத்துவிட்டிருந்தார்கள். செல்லம் ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகு அங்கம்மாவுக்கு இன்னும் மறக்கவில்லை.

"சாயங்கால ரயிலுக்குப் போயிடுங்கக்கா" என்றான் மரியநாதன்.

"போவேன். சும்மாட்ட யார் கையிலயாவது வைக்கணுமே."

முதலில் ராஜம்மாவிடம் போனாள். லயத்தில் மிச்சமிருந்த இரண்டே பெண்களில் மற்றவள் ராஜம்மா, தன் முறையை எப்போதோ அங்கம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டவள். அங்கம்மா கையில் சும்மாட்டைப் பார்த்ததும், அரிசி களைகிற சட்டிக்குள் மணிக்கட்டுவரை இரண்டு கையையும் விட்டுக்கொண்டாள்.

"கை ஈரம்டி அங்கம்மா."

"ஈரம் காயட்டும், நான் நிக்கிறேன்."

"எனக்கு இழுப்பு நோவு. ஓடைக்குப் போயிட்டு வந்தாலே மூச்சு முட்டுது. என்னையக் கொன்னுட்டுப் போறியா?" என்று கேட்டபோது ராஜம்மாவின் கண் கலங்கிவிட்டது. அது பொய்யில்லை என்று அங்கம்மாவுக்குத் தெரியும். ஏற்கெனவே பலமுறை களைந்த அரிசியை அவள் இன்னும் களைந்துகொண்டிருக்கும்போதே திரும்பிவிட்டாள்.

அடுத்தது சபாபதி கங்காணி. கோயிலுக்கும் அவர்தான் தலைவர். அவளைத் தூரத்தில் கண்டதுமே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தலைவருக்கு முறை கெடையாது அங்கம்மா."

"உங்களுக்கு மட்டும் கெடையாதுன்னு சட்டம் எங்கங்க இருக்கு?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? சரி, பிள்ளைப்பேறுதானே, ரெண்டு நாள் பொறுத்துப் போ. அதுக்குள்ள யாராவது கெடைப்பாங்க."

"போன தரமும் இப்படித்தாங்க சொன்னீங்க."

கங்காணி குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் தண்ணி விழலைன்னா சாமி எழுந்து போயிடும். அப்புறம் இந்த எஸ்டேட் என்னாகும், நெனச்சுப் பாத்தியா?"

"எஸ்டேட் போய் ரொம்ப நாளாச்சுங்க. நம்ம ரெண்டு மூணு பேருதான் இன்னும் போகாம நிக்கிறோம்."

அவர் கையை முன்னால் கொண்டுவரவே இல்லை. ஊருக்கே பேர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற ஆள், ஒரு பழைய துணிச் சுருளுக்குப் பயந்து முதுகு சுவரில் ஒட்ட நின்றார். அங்கம்மாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது.

கொட்டகைப் பக்கம் வந்தபோது மரியநாதன் எதிரில் வந்து உள்ளங்கையை நீட்டினான்.

"வைங்கக்கா. நான் ஊத்துறேன். ஞாயித்துக்கெழமை செபத்துக்குப் போயிட்டு வந்து ஊத்துறேன். உங்க சாமி கோவிச்சுக்கவா போறாரு?"

"கோவிச்சுக்க மாட்டாரு தம்பி."

சும்மாட்டை அவன் கைக்கு மேலே கொண்டுபோய்விட்டாள். ஒரு விரற்கடைதான் பாக்கி. இதோ முடிந்தது என்று மனசு சொன்னது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, அடுத்த மாதம் கப்பலில் இவன் பேரும் இருக்கிறது. அப்போது இவன் யார் கையில் கொடுப்பான்? இதே துணியைச் சுருட்டிக்கொண்டு, இதே கதவுகளைத் தட்டி, இதே சாக்குகளைக் கேட்டுக்கொண்டு நிற்பான். எல்லோரும் தன்னிடம் அழுது கொடுத்துவிட்டுப் போனதுபோலத் தானும் ஒருத்தனிடம் கொடுத்துவிட்டுப் போவதா?

கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். என் கழுத்துல விழுந்தத உன் கழுத்துல போட மாட்டேன்."

"அப்ப என்னக்கா செய்வீங்க?"

"வண்டி கெடைக்குமா பாத்து வை. மேல போயிட்டு வந்துடுறேன்."

நடுப்பகல் வெயிலில் அவள் மலையேறினாள். இடுப்பில் குடம், குடத்துக்குள் சும்மாடு. தண்ணீர் இல்லை. காலிக் குடம் இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் வழக்கமாக மூச்சு வாங்க நிற்கும் பலா மரத்தடியில் கால்கள் தாமாகவே நின்றன. மரத்தைப் பிடித்துக்கொண்டு, பயத்தைப் பயம் என்றே ஒத்துக்கொண்டு, மறுபடி ஏறினாள்.

சாமி உட்கார்ந்திருந்தார். நேற்று ஊற்றிய தண்ணீர் காய்ந்து பாதத்தில் வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. சிமெண்ட் முகம். கொத்தனாருக்குச் சிரிப்பு செய்ய வரவில்லை. அதனால் சாமியும் பார்க்க அலுத்துப்போனவராகத்தான் இருந்தார்.

அங்கம்மா எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அவர் முன்னால் அவள் உட்கார்ந்ததே இல்லை. தண்ணீரை ஊற்றுவாள், கும்பிடுவாள், இருட்டுவதற்குள் இறங்குவாள்.

"உனக்குக் கால் வலிக்குதுன்னு ஊத்துனேன். வேணாம்னு சொல்லல. எனக்கும்தான் வலிக்குது. யாரு ஊத்துனாங்க?" என்றாள். "ஒரு பேரப்பிள்ளைய உனக்கு விட்டுக்குடுத்தேன். இன்னொண்ண விட மாட்டேன். நீ எழுந்து போறதானா போ. நீயும் எத்தன நாள்தான் இங்கயே உக்காந்திருப்ப. ஆனா இருக்கிறதுன்னா..."

குடத்தை அவர் மடியருகே வைத்தாள். சும்மாட்டைச் சுருட்டினாள்.

"என் முறை இனி உன் முறை."

விரிந்திருந்த அந்த வலது உள்ளங்கையில் வைத்தாள்.

"கையில பட்டுடுச்சு. மறுக்கக் கூடாது. உன் கோயில் சட்டம்தான்."

துணி சரிந்து கீழே விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். விழுந்தால் எடுத்துக்கொண்டு இறங்கி, தண்ணீர் மொண்டு, மறுபடி ஏறியிருப்பாள். அவளுக்கே அது தெரியும். காற்று வந்தது. துணியின் ஓரம் படபடத்தது. விழவில்லை. வேல் நிற்காத கையில் சும்மாடு நின்றது.

அடிவாரத்தில் கங்காணி காத்திருந்தார். கை இன்னும் பின்னால்தான்.

"முறைய யாரு வாங்கிக்கிட்டா?"

"ஆள் இருக்குங்க."

"யாருன்னு கேக்குறேன்."

"மேல போய்ப் பாருங்க" என்றாள். "ஒரு தரம் ஏறித்தான் பாருங்களேன்."

மரியநாதன் பிடித்துவைத்திருந்த மாட்டு வண்டியில் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது ரயில் வந்து நின்றிருந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மேற்கே வெயில் இன்னும் இருந்தது. ரப்பர் மரங்களுக்கு மேலே மலையின் உச்சி சின்னதாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிளாட்பாரத்தில் நின்ற மரியநாதன்தான் பார்த்தான்.

"அக்கா! அங்க பாருங்க. இங்க வெயிலு. மலையில மட்டும் மழ ஊத்துது."

மலை தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மழைத்தாரை உச்சியை மூடி நின்றது. ஜொகூர் மழை அப்படித்தான், எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பெய்யும். அது அங்கம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"பொழுது சாஞ்சுடுச்சா தம்பி?"

"இன்னும் இல்லக்கா."

"அப்பச் சரி."

ரயில் நகர்ந்தது. முடி கொட்டிப்போன உச்சந்தலையை ஒரு தரம் தடவிக்கொண்டாள். பிறகு தலையை ஜன்னல் சட்டத்தில் சாய்த்து, குளுவாங் வரும்வரை தூங்கினாள்.