பதினெட்டாவது பெட்டியிலிருந்து

"யாரும் ஏறாத வண்டிய அந்த மாமா ஏம்மா போட்டோ புடிக்கிறாரு?"

ஏழு வயது அனுப்பிரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கேட்டாள். கடலூர் முதுநகர் கூட்ஸ் ஷெட் வாசலில் இட்லிக்கடை போட்டிருந்த அவள் அம்மா கயல்விழிக்குப் பதில் தெரியவில்லை. விடை தெரியாத இடத்தில் நல்லதாக ஒன்றை நினைத்துக்கொள்ள நம்மில் எத்தனை பேருக்கு வருகிறது? கயல்விழிக்கும் வரவில்லை.

அன்றிலிருந்து அந்த ஆளைக் கவனிக்கத் தொடங்கினாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் தொப்பி, தோளில் தண்ணீர்ப் பாட்டில். எக்ஸ்பிரஸ் வந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கூட்ஸ் வந்தால் எழுந்துவிடுவான். ஒவ்வொரு பெட்டியாகப் போனில் பிடித்துக்கொண்டே, அதன் நம்பரை உதட்டுக்குள் முணுமுணுப்பான். நாலு ஞாயிறு பார்த்தவள், ஐந்தாவது ஞாயிறு புருஷனிடம் சொன்னாள்.

"நோட்டம் பாக்குறான்யா. எந்தப் பெட்டியில சரக்கு இருக்குன்னு யாருக்கோ சொல்றான். நாளைக்கு மூட்டை காணாப்போனா உங்க தலையிலதான் விடியும்."

அவள் புருஷன் சிங்காரம் அங்கே மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவனும் அவன் ஆட்களும் போய்ச் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் ஒரு கூட்ஸ் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"இன்னா சார், இந்த வண்டியில மாமியார் வீட்டுலேந்து யாருனா வர்றாங்களா?"

"இல்லீங்க. பொழுதுபோக்குக்காக எடுக்குறேன்."

"கேட்டியா மச்சான்? நமக்கு இடுப்பு ஒடியுது, இவுருக்குப் பொழுது போவுதாம்!"

சிங்காரம் போனைப் பிடுங்கிப் பார்த்தான். பெட்டி, பெட்டி, பெட்டி. நூற்றுக்கணக்கில் பெட்டிகள், ஒரு மனித முகம்கூட இல்லை. அதுவே சந்தேகத்தை ஜாஸ்தியாக்கியது. அந்த ஆளின் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையில் சார்லஸ் என்று பெயர் இருந்தது. சிதம்பரத்தில் ஒரு பள்ளியின் பெயர், ஆய்வக உதவியாளர் என்று வேலை. யாரோ தோளைத் தள்ளினார்கள். கண்ணாடி கீழே விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனை வாங்கிக்கொண்டு நடந்தார். போகும்போது கடந்துகொண்டிருந்த வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஊரைக் காப்பாற்றிவிட்டதாகவே கயல்விழி நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை யூரியா வண்டி வந்தது. ஒரு பெட்டியின் கதவில் சீல் கம்பி அறுந்து தொங்கியது. சிங்காரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் முதலில் காகிதத்தில் எழுதமாட்டான். பெட்டிக் கதவிலேயே சாக்பீஸால் எழுதிவிடுவான். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கண்ணாயிரம் வந்து பார்த்து, அதன் கீழே சாக்பீஸாலேயே கையெழுத்துப் போடுவார். காகித வேலை சாயங்காலம். அந்த ஷெட்டில் பல வருஷமாக இப்படித்தான் நடந்தது. அன்றும், 'சீல் அறுந்து வந்தது, 38 மூட்டை குறைவு' என்று கதவில் ஏறியது. கண்ணாயிரமும் கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்துக்கு முன்பே காலி வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கதவும் போயிற்று, எழுத்தும் போயிற்று.

மறுநாள், குறைந்த மூட்டைகள் எங்கே என்று காண்ட்ராக்டர் கேட்டபோது கண்ணாயிரம் பயந்துவிட்டார். அறுந்த சீலை உடனே காகிதத்தில் பதியாதது அவர் குற்றமாகிவிடும். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்கிட்ட யாரும் காட்டல" என்றார்.

"திங்கக்கிழமைக்குள்ள நிரூபி. இல்லாட்டி ஆளுங்களைக் கூட்டிட்டுக் கெளம்பு. போலீஸுலயும் எழுதிக் குடுத்துடுவேன்" என்று சிங்காரத்திடம் சொன்னார் காண்ட்ராக்டர்.

அன்று இரவு சிங்காரம் சாப்பிடவில்லை. ஷெட் வாசலில் இட்லி வாங்க வந்தவர்கள் கயல்விழியையும் ஒரு மாதிரி பார்த்தார்கள். "உரத்துக்கு இப்போ நல்ல வெல, இல்ல?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று கயல்விழிக்குத் தெரியும். போன மாதம் அது அவளுடைய கண்ணில்தான் இருந்தது.

காலி வண்டி சிதம்பரம் வழியாகத்தான் தெற்கே போயிருக்கும்; அந்த ஆள் அதைப் படம் பிடித்திருந்தால்? வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். அடையாள அட்டையில் இருந்த பள்ளிக்கூடத்தில் கேட்டு, ரயில் பாதையோரம் இருந்த அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். கம்பிக் கதவைத் திறக்காமலே சார்லஸின் மனைவி எழிலரசி கேட்டாள்:

"கடலூரா? அங்க தள்ளிவிட்டது பத்தாதுன்னு வீடு தேடி வந்துட்டீங்களா?"

கயல்விழி விஷயத்தைச் சொன்னாள். எழிலரசி முகத்தில் நம்பிக்கை வரவில்லை. "இதுல என்ன வில்லங்கம் வச்சிருக்கீங்களோ" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். சார்லஸ் வந்தார். அவரும் கதவைத் திறக்கவில்லை.

"ஷெட்டுல பெட்டியோட எந்தப் பக்கம் எழுதுவாங்க?"

"கடல் இருக்குற பக்கம் சார்."

"அப்போ கிழக்கு. நானும் இங்க கிழக்குப் பக்கம்தான் நிப்பேன். செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு ஒரு காலி வண்டி போச்சு. இருங்க."

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். இந்தப் பக்கம் கயல்விழி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். பத்து போயிற்று, இருபது போயிற்று. எல்லாம் ஒரே பழுப்பு. முப்பத்தொன்றாவதில் புருஷனின் கோணல் எழுத்து. கீழே கண்ணாயிரத்தின் நீண்ட வால் வைத்த கையெழுத்து. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எழிலரசிதான் கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். சார்லஸ் கயல்விழியின் நம்பரைக் கேட்டு, படத்தை அனுப்பினார்.

"அன்னைக்கு உங்கள மாட்டிவிட்டது நான்தான் சார்."

"தெரியும்மா. கடையிலேந்து நீங்க கைய நீட்டிக் காட்டுனதைப் பாத்தேன்."

தெரிந்தேதான் தேடியிருக்கிறார். கயல்விழி, மகள் கேட்டதையே கேட்டாள். "இத ஏன் சார் புடிக்கிறீங்க?"

"புடிச்சிருக்கு, அவ்ளோதான். ஒவ்வொரு பெட்டிக்கும் பதினோரு எண்ணு. எந்த வருஷம் செஞ்சதுன்னுகூட அதுலயே இருக்கு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "அன்னைக்கு உங்க ஊர்ல பதினேழுதான் எடுத்தேன். மிச்சம் இருபத்தஞ்சு போயிடுச்சு. அது ஒண்ணுதான் மனசுல நிக்குது."

திங்கட்கிழமை கண்ணாயிரம் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தன் கையெழுத்துதான். "மறந்துட்டேங்க" என்றார் காண்ட்ராக்டரிடம். குரல் இறங்கியிருந்தது. சிங்காரத்தின் ஆட்கள் வேலைக்குப் போனார்கள். படம் எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம் சிங்காரம் உள்ளதைச் சொன்னான். இரண்டு பேர் தலையைச் சொறிந்துகொண்டார்கள். அத்தோடு எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

ஒன்பது நாள் கழித்து, ஷெட்டில் ஒரு வண்டி வந்து நின்றது. உச்சி வெயில். ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் சாப்பாட்டில் இருந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கயல்விழி அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டு, போனை எடுத்துக்கொண்டு ஷெட் மேடையோரம் நடந்தாள். முன்பக்கத்திலிருந்து எண்ணினாள். பதினேழை விட்டாள். இது அதே வண்டிதானா என்று அவளுக்குத் தெரியாது, பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் பதினெட்டிலிருந்துதான் தொடங்கினாள்.

முதல் படத்தில் அவள் விரல் விழுந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பதினோரு எண்ணும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். நாற்பத்திரண்டாவது பெட்டிக்கு வந்தபோது செருப்பைத் தாண்டிக் கால் சுட்டது. இருபத்தைந்தையும் சார்லஸுக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

திரும்பி வந்து அடுப்பைத் தூண்டினாள். சாப்பிட்டு முடித்தவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் கேட்டு வரத் தொடங்கியிருந்தார்கள்.